பின்பக்க இன்ஜினும் பத்தாயிரம் வளைவுகளும்

1965 நவம்பரில் மோட்டார் உலகில் இரண்டு காரியங்கள் நடந்தன. மத்தியதரைக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான கோர்சிகாவில், பியேர் ஓர்சினி என்ற மண்ணின் மைந்தர் ரெனோ 8 கோர்டினி காரை ஓட்டி 'டூர் டி கோர்ஸ்' ராலியில் முதலிடம் பெற்றார். அந்த மாதக் கடைசியில் அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என்ற புத்தகம் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயம் முழுவதும் செவ்ரோலே கார்வேர் என்ற காரைப் பற்றியது. இன்ஜினைப் பின்னால் வைத்து, பின்சக்கரங்களை 'ஸ்விங் ஆக்ஸில்' என்ற எளிய அமைப்பில் தொங்கவிட்ட அந்தக் கார், வளைவில் ஓட்டுநரை ஏமாற்றித் தடம் புரண்டுவிடும் என்பது நேடரின் குற்றச்சாட்டு. ஓர்சினி ஓட்டிய காரிலும் இன்ஜின் பின்னால்தான் இருந்தது. அதிலும் ஸ்விங் ஆக்ஸில்தான்.

ஒரே அமைப்பை ஒரு நாடு ஆபத்து என்று குற்றக் கூண்டில் ஏற்றுகிறது. இன்னொரு நாட்டில் அது ஐரோப்பாவின் மிகக் கடினமான மலைப்பாதைப் பந்தயத்தை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெல்கிறது. எப்படி என்று தேடிப் போனால், விடை காரில் மட்டும் கிடைப்பதில்லை. சாலை, பிரேக், சிலிண்டர் ஹெட், ஸ்டியரிங் பிடித்த கை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கிறது. ராலி வரலாற்றில் மினி கூப்பருக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இந்தப் பெட்டி வடிவ பிரெஞ்சுக் காருக்கு பிரான்சுக்கு வெளியே கிடைக்கவில்லை. அது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அரசுடைமையான ரெனோ நிறுவனம், 1946இல் பாரிஸ் கண்காட்சியில் 4சிவி என்ற சின்னஞ்சிறு நான்கு கதவுக் காரைக் காட்டியது. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் மூன்றும் ஒரே தொகுதியாகப் பின்னால் இருந்தன. முன்னாலிருந்து பின்னுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டு தேவையில்லை. அதனால் காரின் நடுவே மேடு இல்லை, எடை குறைவு, செலவும் குறைவு. வறுமையிலிருந்து எழுந்துகொண்டிருந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அன்று இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரெஞ்சுக் கார் அதுதான். 1956இல் வந்த டோஃபின் அதே அமைப்பைப் பெரிதாக்கி, இருபது லட்சத்தைத் தாண்டியது.

சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்தது. ஸ்விங் ஆக்ஸிலில் பின்சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள தண்டு உள்முனையில் மட்டுமே மடங்கும். சக்கரம் அந்தத் தண்டுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். கார் வேகமாக வளைவுக்குள் போகும்போது ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி சற்று மேலே எழும்பும். அது எழும்பினால் இரண்டு தண்டுகளும் கீழ்நோக்கிச் சாயும். சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே ஒடுங்கும். டயர் தன் முழு அகலத்தில் தரையைத் தொடாமல் விளிம்பில் நிற்கும். பிடிமானம் போன அந்த நொடியில், பின்னால் இருக்கும் இன்ஜினின் பாரம் காரைச் சுழற்றிவிடும். காற்று வீசும் சமவெளிச் சாலைகளில் முன்பகுதி இலேசாக இருந்ததால் ஸ்டியரிங்கும் அலைபாயும். பிரான்சில் பலர் முன் டிக்கியில் மணல் மூட்டை வைத்து ஓட்டியது இதற்காகத்தான். நேடர் சொன்னது கற்பனையல்ல. 1972இல் அமெரிக்க அரசே நடத்திய ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிடக் கார்வேர் மோசமில்லை என்று முடிவு சொன்னது உண்மை. ஆனால் பழக்கமில்லாத கையில் இந்த அமைப்பு கடுமையாகத் தண்டிக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை.

கோர்சிகாவில் கதை வேறு.

அந்தத் தீவில் கடலோரத்திலிருந்து சில மைல்களிலேயே மலை எழும்புகிறது. விஸவோனா கணவாய் 1,163 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பவெல்லா 1,200 மீட்டருக்கு மேல். வெர்ஜியோ கிட்டத்தட்ட 1,480 மீட்டர். சாலைகள் கோவேறு கழுதைப் பாதைகளின் மேல் தார் ஊற்றியவை போல மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஒருபுறம் பாறை, மறுபுறம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கப்பால் பள்ளம். நேராக நூறு மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். நடுச்சாலையில் பன்றியும் மாடும் நிற்கும். 1956இல் தொடங்கிய டூர் டி கோர்ஸ், நவம்பர் மாதத்தில், இரவும் பகலுமாக இந்தச் சாலைகளில் ஓடியது. கடலோரத்தில் வெயிலும் கணவாயில் பனியும் ஒரே நாளில் வரும். 'பத்தாயிரம் வளைவுகளின் ராலி' என்று அதற்குப் பெயர் வந்ததில் மிகை அதிகமில்லை.

1956இல் நடந்த முதல் பந்தயத்தை வென்றவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கில்பெர்த் தீரியோன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் நடேஜ் ஃபெரியே. இருவரும் பெண்கள். அவர்கள் ஓட்டியது, அந்த ஆண்டுதான் விற்பனைக்கு வந்திருந்த ரெனோ டோஃபின். பெண்களுக்கான தனிக் கோப்பையைச் சொல்லவில்லை. ஆண்கள் உட்பட எல்லாரையும் முந்திய ஒட்டுமொத்த முதலிடம். மிஷெல் மூத்தோன் என்ற பெண் 1981இல் சான்ரெமோவில் உலக சாம்பியன்ஷிப் ராலி ஒன்றை வென்றபோது உலகம் வியந்தது. அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சின்னக் குடும்பக் காரில் இது நடந்திருக்கிறது. ராலி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வெற்றியை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எனக்கு உறுத்துகிறது.

1958இல் ஃபெரேயும் மோன்ரேஸும் டோஃபினில் வென்றனர். அதே இணை அந்த ஆண்டு தொடக்கத்தில் மான்டே கார்லோ ராலியையும் அதே ரகக் காரில் வென்றிருந்தது. 1959இல் ஓர்சினி, டோஃபின். 1962இல் மறுபடி ஓர்சினி. இம்முறை டோஃபினின் வேகமான வகையான 1093. 1964இல் ழான் வினாத்தியே, 1965இல் ஓர்சினி, 1966இல் ழான்-ஃபிரான்சுவா பியோ: மூவரும் ரெனோ 8 கோர்டினியில். 1956 முதல் 1966 வரை நடந்த பதினொரு பந்தயங்களில் ஏழு, பின்பக்க இன்ஜின் கொண்ட சிறிய ரெனோ செடான்களுக்குப் போயின. 1960இல் வென்ற போர்ஷேவுக்கும் இன்ஜின் பின்னால்தான். அதையும் சேர்த்தால் எட்டு. இத்தனை முறை ஒரே ரகம் வெல்வது தற்செயலாக இருக்க முடியாது.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்கே நான் தருவது தோராயக் கணக்கு. அதன் திசைதான் முக்கியம். பின்பக்க இன்ஜின் கார் ஒன்றில் எடையில் 60 சதவீதம் பின்சக்கரங்கள் மேல் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க இன்ஜினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட காரில் சற்றேறக்குறைய அதே அளவு முன்சக்கரங்கள் மேல் இருக்கும். நின்ற நிலையில் இரண்டும் சமம். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது என்ன ஆகிறது? முடுக்கம் எடையைப் பின்னுக்குத் தள்ளும். ரெனோ 8இன் இரு ஆக்ஸில்களுக்கும் இடைத்தூரம் 2.27 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் என்று கொண்டு, புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு முடுக்கம் வைத்தால், மொத்த எடையில் சுமார் 9 சதவீதம் முன்னிருந்து பின்னுக்கு நகர்கிறது. மலை ஏற்றம் இன்னும் ஓரிரண்டு சதவீதத்தைச் சேர்க்கும். பின்பக்க இன்ஜின் காரில் இயக்கும் சக்கரங்களின் மேல் 70 சதவீதம் அழுத்தம் வந்துவிடுகிறது. முன்சக்கர இயக்கக் காரில் அது 50 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஈரத் தாரில், உதிர்ந்த இலைகளின் மேல், பனிச்சேற்றில் இந்த வித்தியாசம்தான் ஒரு காரை நகர்த்துகிறது, இன்னொன்றின் சக்கரத்தை வீணாய்ச் சுழல வைக்கிறது.

இறக்கத்தில் பிரேக் போடும்போது கிடைக்கும் நன்மை இதைவிடப் பெரிது. அதைப் பலர் கவனிப்பதில்லை. பலமாகப் பிரேக் அழுத்தினால், மேற்சொன்ன அளவுகளின்படி, எடையில் 17 அல்லது 18 சதவீதம் முன்னுக்குப் பாயும். முன்பக்க இன்ஜின் காரில் பின்சக்கரங்கள் மேல் இருபது சதவீதம்தான் மிஞ்சும். பின்பிரேக் பெயரளவுக்குத்தான் வேலை செய்யும். முன்பிரேக் தனியாக உழைத்துச் சூடேறி, நீண்ட இறக்கத்தில் பிடிப்பை இழக்கும். பின்பக்க இன்ஜின் காரிலோ பலமாகப் பிரேக் போட்ட நிலையிலும் பின்னால் நாற்பது சதவீதத்துக்கு மேல் எடை இருக்கும். நான்கு சக்கரங்களும் பங்கு போட்டுக்கொண்டு காரை நிறுத்தும். வளைவுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய் பிரேக் போடலாம். ஆயிரக்கணக்கான வளைவுகளில் இந்தக் 'கொஞ்சம்' சேர்ந்து நிமிடங்களாகும்.

ஆனால் அந்த நான்கு சக்கரங்களிலும் தாக்குப்பிடிக்கும் பிரேக் இருக்க வேண்டும். இந்த வெற்றிகளைப் பெற்ற காலத்து டோஃபினில் டிரம் பிரேக்தான். 1962இல் அறிமுகமான ரெனோ 8 இந்த இடத்தில் பெரிய தாண்டல். அதன் விலைக்கும் அளவுக்கும் யாரும் எதிர்பாராத வகையில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் வந்தது. அழகுக்காக யாரும் அந்தக் காரை வாங்கியிருக்க மாட்டார்கள்: நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்ததுபோல் சதுர உடல், நடுவில் குழிந்த பானெட், நான்கு கதவுகள். உள்ளே இருந்த புதிய இன்ஜினுக்கு ஐந்து முதன்மை பேரிங்குகள். டோஃபின் இன்ஜினுக்கு மூன்றுதான். ஐந்து பேரிங் கிராங்க்ஷாஃப்ட் அதிக வேகச் சுழற்சியில் வளையாமல் நிற்கும். சாதுவான குடும்பக் காருக்கு அது தேவைக்கு மிஞ்சிய பலம். அந்த மிச்சத்தைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் பாரிசில் காத்திருந்தார்.

அமெதே கோர்டினி 1899இல் இத்தாலியில், பொலோன்யாவுக்கு அருகிலுள்ள பஸ்ஸானோவில் பிறந்தவர். இளம் வயதில் பாரிசுக்கு வந்து மெக்கானிக் வேலையில் நிலைத்தவர். சிம்கா நிறுவனத்தின் சாதாரண இன்ஜின்களைப் பந்தய இன்ஜின்களாக மாற்றிப் பெயர் வாங்கி, போருக்குப் பின் தன் பெயரிலேயே கிராண்ட் பிரீ கார்கள் கட்டினார். கையில் பணம் தங்கியதே இல்லை. இருந்தும் 1952இல் ரெம்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில் அவருடைய நீலக் காரில் ழான் பெரா, அந்த ஆண்டு யாராலும் தொட முடியாதிருந்த ஃபெராரிகளை வென்றார். 'மந்திரவாதி' என்பது பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர். 1957இல் பணமில்லாமல் பந்தய அணியை மூடியவர், ரெனோவுக்கு இன்ஜின் வேலை செய்து கொடுக்கத் தொடங்கினார். டோஃபின் கோர்டினி அந்தக் கூட்டின் முதல் பலன்.

ரெனோ 8க்கு அவர் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1,108 சிசி இன்ஜின்: சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 72 மி.மீ. அடிப்பாகம் கிட்டத்தட்டத் தொழிற்சாலையில் வந்ததுதான். கேம்ஷாஃப்டும் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே அவர் புது அலுமினிய ஹெட் ஒன்றை வைத்தார். எரியறை அரைக்கோள வடிவில். சாதாரண ஹெட்டில் எல்லா வால்வுகளும் ஒரே வரிசையில் நிற்கும்; காற்று ஒரு பக்கமாகவே உள்ளே போய், அதே பக்கமாக வெளியே வரும். கோர்டினியின் ஹெட்டில் உள்ளிழுக்கும் வால்வு ஒரு பக்கம், வெளியேற்றும் வால்வு எதிர்ப்பக்கம், இரண்டும் ஒன்றையொன்று விலகிச் சாய்ந்து நின்றன. கலவை குறுக்கே பாய்ந்து நேராக வெளியேறும். பக்கவாட்டிலுள்ள ஒரே கேம்ஷாஃப்டிலிருந்து தள்ளுகம்பிகளும் ராக்கர்களும் வைத்தே சாய்ந்த வால்வுகளைத் திறக்கும் ஏற்பாடு. விலையுயர்ந்த இரட்டை கேம்ஷாஃப்ட் செய்யும் வேலையில் பெரும் பங்கை மலிவு இன்ஜினிடமிருந்து வாங்கியதுதான் அவர் சாமர்த்தியம். ஒரே ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரட்டைத் தொண்டை கார்புரேட்டர்கள் இரண்டு வந்தன. அதே 1,108 சிசியில் மேஜர் என்ற சாதாரண வகை சுமார் 50 குதிரைத்திறன் தந்தபோது, கோர்டினி 95 தந்தது. இரண்டும் அன்றைய எஸ்ஏஇ அளவீட்டில். 800 கிலோவுக்குள் அடங்கிய கார் மணிக்கு 170 கி.மீ. ஓடியது.

ஸ்விங் ஆக்ஸிலை ரெனோ தூக்கியெறியவில்லை, அடக்கியது. காரைத் தாழ்த்தி, பின்சக்கரங்கள் நிற்கும்போதே மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வைத்தார்கள். வளைவில் பாரம் ஏறும் வெளிச்சக்கரம் டயரின் முழு அகலத்தோடு தரையில் படியும். பின்பகுதி எழும்பினாலும் ஒடுங்கும் நிலைக்குப் போக நேரமாகும். பின்னால் ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர் வீதம் நான்கைப் பொருத்தியதும் அந்த எழும்பலைத் தடுக்கவே. முன்விளக்குகள் பெரிதாயின, பிரேக்குக்கு செர்வோ உதவி வந்தது. நிறம் பிரான்சின் பந்தய நீலம். அதன் மேல் முன்னிருந்து பின்வரை இரண்டு வெள்ளைக் கோடுகள். அவை நடுவில் ஓடாமல் ஓட்டுநர் பக்கமாக ஒதுங்கி ஓடும்.

1964 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் கார் வெளிவந்தது. சில வாரங்களில் நவம்பர் வந்தது, வினாத்தியேயும் மாஸோனும் கோர்சிகாவுக்குப் போனார்கள், வென்றார்கள். புதுக் காருக்கு வழக்கமாக வரும் பாலாரிஷ்டங்கள் எதுவும் அந்த வெற்றியைத் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஓர்சினி தன் நீண்ட நாள் இணையான கனோனிச்சியுடன் மூன்றாவது முறையாக வென்றார். சொந்தத் தீவின் சாலைகளை அறிந்தவர் என்பது அவருக்கு ஒரு பலம். ஆனால் உள்ளூர் அறிவு மட்டும் போதுமென்றால் அவர் எந்தக் காரிலும் வென்றிருக்கலாம். அவருடைய மூன்று வெற்றிகளும் மூன்று வெவ்வேறு பின்பக்க இன்ஜின் ரெனோக்களில் வந்தவை. அந்த ரகக் காரின் வால் எப்போது ஆடும், எப்போது அடங்கும் என்பதைப் பல ஆண்டுகள் ஓட்டிக் கற்ற கை அது.

அந்தக் கைப்பழக்கம் என்ன? சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்டி ஓட்டியவர்களுக்கு முன்சக்கரம் இலேசாகி, வளைவில் பின்பாரம் வெளியே இழுக்கும் உணர்வு தெரியும். கோர்டினி ஓட்டுநர்கள் அந்த இழுப்பை எதிர்க்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நேராகப் போகும்போதே பிரேக்கை முடிப்பார்கள். முன்சக்கரத்துக்குப் பாரம் இருக்கும் கடைசி நொடியில் ஸ்டியரிங்கை, சில சமயம் முதலில் எதிர்ப்பக்கமாக ஒரு சிறு வெட்டு வெட்டி, பிறகு வளைவின் பக்கம் திருப்புவார்கள். வால் வெளியே கிளம்பும். சாதாரண ஓட்டுநர் பயந்து காலை எடுக்கும் அதே இடத்தில் இவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். மிதித்தால் பாரம் பின்னுக்கு வரும், பின்பகுதி தாழும், ஸ்விங் ஆக்ஸில் டயரைத் தரையில் அகலமாகப் படுக்க வைக்கும், கார் அடங்கி முன்னே பாயும். ஆபத்தும் தீர்வும் ஒரே பெடலில் இருந்தன. நேடர் பேசிய ஓட்டுநருக்கு இதைக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவும் கூடாது. அதனால் நேடர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஓர்சினி பக்கமும் நியாயம் இருக்கிறது. பொதுச் சாலைக்கு வரும் கார் தன் வாங்குநரிடம் இந்த வித்தையைக் கேட்கக் கூடாது. ராலிக்கு வரும் கார் கேட்கலாம்.

ரெனோவுக்கு மட்டுமே இந்த அமைப்பு கைகொடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவை ஒட்டிய லின்வுட்டில் 1963 முதல் கட்டப்பட்ட ஹில்மன் இம்ப், 875 சிசி அலுமினிய இன்ஜினைச் சாய்த்துப் பின்னால் வைத்திருந்தது. அதன் வடிவமைப்பாளர்கள் பின்பக்கத்தில் ஸ்விங் ஆக்ஸிலைத் தவிர்த்து, விலை கூடினாலும் சக்கரத்தை நிமிர்ந்து வைக்கும் சாய்கரங்களைத் தேர்ந்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் இதுவே சரியான தீர்வு. 1965இல் டூலிப் ராலியில் வழியெல்லாம் பனி கொட்டியபோது, டப்ளினைச் சேர்ந்த ரோஸ்மேரி ஸ்மித், வேல் டோம்லியோவுடன் இம்ப் ஓட்டி ஒட்டுமொத்த முதலிடம் பெற்றார். இரண்டாம் இடமும் இம்ப் காருக்கே. இங்கேயும் பனியும் மலையும் பின்சக்கரப் பிடிமானமும் சேர்ந்துதான் சின்னக் காரை மேலே தூக்கின. அடுத்த ஆண்டு மான்டே கார்லோவில் முன்விளக்கு விதியைக் காட்டி மினிகளைத் தகுதி நீக்கியபோது ஸ்மித்தின் இம்ப்பும் அதில் அடிபட்டது. மினிகளுக்கு நேர்ந்த அநீதியை எல்லாரும் எழுதுகிறார்கள். ஸ்மித்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததைச் சிலரே எழுதுகிறார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கோடாவோ இந்த அமைப்பை 1980களின் இறுதிவரை விடவில்லை.

கோர்டினியின் வரலாற்றில் கோர்சிகா வெற்றிகளுக்கு இணையான இன்னொரு சாதனை உண்டு. 1966இல் ரெனோ 'கூப் கோர்டினி' என்ற பந்தயத் தொடரை ஆரம்பித்தது. எல்லாரும் ஓட்டுவது ஒரே கார், ரெனோ 8 கோர்டினி. அதை அவரவரே வாங்கி, வார நாட்களில் வேலைக்கும் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குக் கொண்டுவரலாம். அதுவரை பிரான்சில் பந்தயம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருந்தது. கோர்டினி வாங்கும் அளவுக்குக் கடன் கிடைத்த மெக்கானிக்கும் வாத்தியாரும் இப்போது ஒரே கோட்டில் நின்றார்கள். கார் ஒன்றே என்பதால் வெற்றிக்கு ஓட்டுநரைத் தவிர வேறு காரணம் காட்ட முடியாது. திறமையைப் பிரித்தெடுக்க அதைவிட நேர்மையான சல்லடை அமைவது கடினம். அந்தச் சல்லடையில் தேறியவர்களில் ஒருவர் ழான்-பியேர் ழபூய். அவர்தான் 1979இல் டிஜோனில் டர்போ இன்ஜின் பொருத்திய ரெனோவுக்கு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் வெற்றியைக் கொடுத்தார். இன்று பல நாடுகளில் நிறுவனங்கள் நடத்தும் ஒரே ரகக் கார்ப் பந்தயங்கள், பிரான்சில் இங்கிருந்து கிளம்பிய மரபுதான்.

1966இல் இன்ஜின் வளர்ந்தது. சிலிண்டர் விட்டத்தை 74.5 மி.மீ.ஆக்கி 1,255 சிசி, கியர் ஐந்து, முன்னால் இரண்டு விளக்குகள் கூடி நான்காயின. முன்பக்க டிக்கியில் இரண்டாவது பெட்ரோல் டேங்க் வந்தது. அது தூரப் பயணத்துக்காக மட்டுமல்ல. இலேசான மூக்கின் மேல் எடை வைக்கவும் உதவியது. மணல் மூட்டையின் வேலையை இனி பெட்ரோல் பார்த்தது. ஆனால் டேங்க் காலியாகக் காலியாகக் காரின் குணமும் மாறும் என்பதை ஓட்டுநர் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த ஆண்டு பியோ கோர்சிகாவை வென்றதே இந்தக் காருக்கு அங்கே கடைசி முதலிடம். 1967இல் இத்தாலியின் லான்சியா ஃபுல்வியா, முன்சக்கர இயக்கத்தோடு, சாந்த்ரோ முனாரியின் கையில் வென்றது. என் கணக்கு முன்சக்கரத்துக்கு எதிராக இருந்தபோதும் முனாரி வென்றார். நல்ல ஓட்டுநரும் நல்ல டயரும் சில சதவீதங்களைச் சாப்பிட்டுவிடுவார்கள் என்பதற்கு அது சாட்சி. சமதளமான, வேகமான ராலிகளில் கோர்டினிக்கு முதலிலிருந்தே பெரிய இடம் இல்லை; சதுர உடல் காற்றை வெட்டாது, மூக்கு அலைபாயும். மான்டே கார்லோவின் ஒட்டுமொத்த முதலிடம் ரெனோ 8 கோர்டினிக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள்ளேயே ஒரு போட்டியாளரும் வளர்ந்துவிட்டார். தியெப் நகரின் ரெனோ வியாபாரி ழான் ரெதெலே, 4சிவியில் பந்தயம் ஓட்டிப் பழகி, 1955இல் ஆல்பைன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஏ110, ரெனோ 8இன் உறுப்புகளை எடுத்துத் தாழ்ந்த ஃபைபர் கண்ணாடி உடலுக்குள் வைத்தது. இன்ஜின் அதே இடத்தில், பின்னால். 1968இல் அன்ட்ருயே கோர்சிகாவை வென்றது அதில்தான். 1973இல் உலக ராலி சாம்பியன்ஷிப் முதன்முறை நடந்தபோது தயாரிப்பாளர் பட்டத்தை ஆல்பைன்-ரெனோ பெற்றது. அந்த ஆண்டு கோர்சிகாவில் நிக்கோலா, பியோ, தெரியே என முதல் மூன்று இடங்களும் ஏ110க்கே. இரண்டாவதாக வந்த பியோ, 1966இல் கோர்டினியில் வென்ற அதே பியோ. உலகம் ஆல்பைனைக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், அழகான கார். ஆனால் அதன் உறுப்புகளும் ஓட்டும் முறையும் சதுர உடல் கொண்ட நான்கு கதவுக் காரின் சொத்து. அந்தக் கடனை ஆல்பைன் புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

1970இல் ரெனோ 8 கோர்டினியின் உற்பத்தி நின்றது. மொத்தம் 11,000க்கும் சற்று அதிகமாகக் கட்டப்பட்டன. பின்னால் வந்த ரெனோ 12 கோர்டினியில் இன்ஜின் முன்னால் இருந்தது, இயக்கமும் முன்சக்கரம். கூப் கோர்டினி தொடர் அந்தக் காருக்கு மாறியது. பெயரும் நீல நிறமும் தொடர்ந்தன. மக்களின் பிரியம் அந்த அளவுக்குத் தொடரவில்லை.

இப்போது பழைய கார் ராலிகளில் நீல ரெனோக்கள் நிறையவே ஓடுகின்றன. அவற்றில் எல்லாமே கோர்டினியின் பட்டறை வாசனை கண்டவை அல்ல. சாதாரண ரெனோ 8களுக்கு நீலம் அடித்து, கோடு போட்டு, விளக்கு மாற்றியவை பல. பாரிசில் வாழும் தமிழர்கள், குளிர்காலத்தில் பொர்த் தெ வெர்சாயில் நடக்கும் ரெத்ரோமொபில் கண்காட்சிக்குப் போனால் இந்தக் காரை அநேகமாகப் பார்க்கலாம். கோர்டினியின் பட்டறை இருந்த விக்தோர் பெருஞ்சாலையும் அங்கேதான் இருக்கிறது. நீல நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காரின் தகட்டில் வகை எண் 1134 அல்லது 1135 இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கார்புரேட்டர்கள் இன்ஜினின் ஒரு பக்கமும் புகைக்குழாய்கள் மறுபக்கமும் இருக்க வேண்டும். கடைசியாகக் குனிந்து பின்சக்கரங்களைப் பாருங்கள்: ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர்கள் இருந்தால்தான் அது கோர்டினி.